பதினொன்றுக்குப் பிறகு

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

நீ என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஒரு நாள் நான் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் கையைத் தூக்கினாய். "டீச்சர், வந்தவங்க உள்ளேன்னு சொல்றோம். வராதவங்க என்ன சொல்லணும்?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. "வராதவங்கள வரச் சொல்லு, அவங்ககிட்டயே கேட்டுக்கலாம்" என்று சொல்லி உன்னை உட்கார வைத்தேன். முப்பது வருடம் ஆகிறது. நேற்று உன் கடிதம் வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான். ஏன் என்று தெரியவில்லை.

"இருபதிலிருந்து ஒன்றுவரை தலைகீழாக எண்ணிப் பதிவு செய்து அனுப்புங்கள். வகுப்பில் எண் கூப்பிடும் குரலில். நடுவில் வேறு எதுவும் பேச வேண்டாம். போன் செய்ய வேண்டாம்." அவ்வளவுதான் கடிதம். நாலு வருடம் பேசாமல் இருந்த நாத்தனார் அண்ணிக்கு எழுதும் கடிதம் இப்படியா இருக்கும்? உன் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நாலு வரி, நாலும் அதட்டல். சந்தேகமே இல்ல, என் தங்கச்சிதான்" என்றார். பிறகு எழுந்து போய் வாசல் விளக்கைச் சும்மா ஒரு தடவை போட்டு அணைத்தார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான்.

நீ ஏழு மாதம் என்பது உன் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து அண்ணனிடம் பேசியபோதே தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இந்த எண்ணுதல் எதற்கு என்று கேட்கவும் மாட்டேன். கேட்டதைச் செய்திருக்கிறேன். சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஃப்ரிட்ஜின் இணைப்பைக்கூடப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தேன். கையில் பதிவேடு இல்லாமல் எண் வாய்க்கு வரவில்லை. போன வருட நாட்குறிப்பு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டேன். ஒரு குறை இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் என்னையறியாமல் நின்றுவிட்டேன். முப்பத்து மூன்று வருடம், பதில் வந்த பிறகே அடுத்த எண்ணுக்குப் போன வாய். எனவே இருபது எண்ணுக்கு இருபது இடைவெளி இருக்கும். பொறுத்துக்கொள்.

பென் டிரைவ் உறையின் மூலையில் இருக்கிறது. மடிக்காமல் பிரி.

அன்று நான் போட்ட கையெழுத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

உன் அண்ணி


ஜனவரி 24

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்பதை விட்டுவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பழக்கம் விட்டுப்போய்விட்டது.

பதிவு கிடைத்தது. எதற்கு என்று நீங்கள் கேட்காததால் சொல்லத் தோன்றுகிறது. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்புக்குப் போகிறேன். ஹிப்னோபர்த்திங் என்று பெயர். பெயரைக் கேட்டு, யாரோ கண் முன்னால் சங்கிலியை ஆட்டி மயக்குவதாக நினைக்க வேண்டாம். ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், ஏழெட்டுக் கர்ப்பிணிகள் பாய் விரித்துப் பக்கவாட்டில் படுத்திருப்போம். கீழே பல்லைக் குடையும் சத்தம், மேலே நாங்கள் அமைதி. நடத்துகிறவர் இருபது வருடம் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விடச் சொல்வார். தாடையைத் தளர்த்தச் சொல்வார். தாடை இறுகினால் கீழேயும் இறுகுமாம். பிறகு தலைகீழாக எண்ணிக்கொண்டே ஒரு படிக்கட்டில் இறங்குவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பயம் குறைந்தால் உடம்பு தன் வேலையைத் தானே செய்யும் என்கிறார். வலி என்ற சொல் அங்கே கிடையாது. அதற்கு அலை என்று பெயர்.

டாக்டரம்மாவும் சம்மதித்துவிட்டார். பழைய சிசேரியன் வெட்டு கீழே குறுக்காக இருக்கிறது, நடுவில் நாலு வருடம் போய்விட்டது, குழந்தையின் தலை கீழே இருக்கிறது, எனவே இயற்கையாகப் பெற முயலலாம் என்றார். இருநூறு பேரில் ஒருவருக்குத் தழும்பு பிரியக்கூடும், அதனால் வயிற்றில் பட்டை கட்டிக் கடைசிவரை குழந்தையின் துடிப்பைப் பார்ப்போம், தேவைப்பட்டால் ஆபரேஷன் தியேட்டருக்குப் போவோம் என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான் அண்ணி. இந்தக் குழந்தை வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும். மூத்தவள் பிறந்தபோது நான் இல்லை. கண் விழித்தபோது அவளுக்கு வயது ஐந்து மணி நேரம். குல்லாகூடப் போட்டிருந்தாள். வேறு யாரோ பெற்று என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. அவளுக்கு நாலு வயது ஆகப்போகிறது, அந்த நினைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

எண்ணுவதற்கு, பத்து வயதுக்கு முன் எந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தீர்களோ அந்தக் குரல் வேண்டும் என்றார் மருத்துவச்சி. யோசித்துப் பார்த்தேன். வேறு குரல் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தினமும் மதிய உணவுக்குப் பிறகு, மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள், பக்கவாட்டில் படுத்துக் கேட்கிறேன். பதினைந்தில் கை கால் கனத்துவிடும். அந்த இடைவெளிகள் குறை இல்லை, அவைதான் என்னை இறக்குகின்றன. ஆனால் பதினொன்றுக்குப் பிறகு வரும் இடைவெளியில் யாரோ "உள்ளேன்" என்கிறார்கள்.

முதல் நாள் தூக்கக் கலக்கம் என்று விட்டேன். ஒன்பது நாளாகக் கேட்கிறது. நீங்கள் பதிவு செய்தபோது அறையில் யாராவது இருந்தார்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

- நான்தான்


பிப்ரவரி 2

அன்புள்ள வாயாடிக்கு,

அறையில் யாரும் இல்லை. உன் அண்ணன் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் "உள்ளேன்" என்று சொல்லும் ஆளும் இல்லை. கூப்பிட்டால் "என்ன இப்ப?" என்பார்.

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். உன் வருகை எண் பதினொன்று. ஒரு வருடம் முழுவதும் காலையில் நான் பதினொன்று என்றதும் நீ உள்ளேன் டீச்சர் என்றாய். பழகிப்போய், வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் "உள்ளேன் டீச்சர்" என்று வந்து நிற்பாய். உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். அதே குரல், அதே எண், அதே இடைவெளி. உடம்பு தளர்ந்திருக்கும்போது பழைய பிள்ளை எழுந்து பதில் சொல்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் பத்தேமுக்காலுக்கு எனக்கு மணிச் சத்தம் கேட்கிறதே, அது போல.

எனக்கு இருக்கும் பயம் வேறு. ஓர் உதாரணம் சொல்கிறேன். உனக்கு நாலைந்து வருடம் கழித்து என்னிடம் ஒரு பெண் படித்தாள். அவ்வளவு அமைதி. பொம்மை என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் வகுப்பு ஒரே சந்தை. "மணி அடிக்கிற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்று அதட்டினேன். நாற்பது நிமிடம் ஊசி விழுந்தால் கேட்கும். பெருமையாக இருந்தது எனக்கு. மணி அடித்து எல்லோரும் எழுந்தார்கள், பொம்மை எழவில்லை. அவள் விரல் மேசை மூடிக்குள் நசுங்கி மாட்டியிருந்தது. நகம் கறுத்துவிட்டது. முகம் அப்படியே அமைதியாக இருந்தது. "ஏம்மா சொல்லல?" என்று கத்தினேன். "நீங்கதான டீச்சர் அசையக் கூடாதுன்னீங்க" என்றாள்.

வலிக்கு அலை என்று பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூச்சும் நல்லது, தாடையும் நல்லது. ஆனால் அமைதியாக இருப்பவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு அலைகளுக்கு நடுவிலும் தழும்பில் விடாமல் ஒரு இழுப்பு இருந்தால், அது அலை இல்லை. அப்போது பழைய வாயாடியாக மாறிவிடு. கத்து. என் குரல் உன்னை எவ்வளவு ஆழத்தில் இறக்கியிருந்தாலும் மேலே ஏறி வந்து கத்து.

உன் அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

பழைய பிள்ளை எழுந்து பதில் சொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அழகாக இருந்தது. ஆனால் அது பிள்ளைக் குரல் இல்லை. பெரியவள் குரல். நாக்கு தடித்துப்போனவள் பேசுவது போல.

என் வேலை உங்களுக்குத் தெரியும். காது பரிசோதிக்கிறேன். சுவர் முழுக்கப் பஞ்சு பதித்த, ஒரு ஆள் உட்காரும் அறை. உள்ளே இருப்பவர் தலையில் ஹெட்ஃபோன் மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நான் உட்காருவேன். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். சிலர் நான் ஒலியே அனுப்பாதபோதும் அழுத்துவார்கள். முழு அமைதியில் காது தானாகவே எதையாவது செய்துகொள்ளும். இதைத் தினமும் பத்துப் பேருக்கு விளக்குகிறவள் நான். அதனால்தான் சோதித்துப் பார்த்தேன்.

பக்கத்து அறையில் காதுக்கருவி பழுது பார்ப்பவர் இருக்கிறார். எதையும் நம்பாத மனிதர். உள்ளே உட்கார வைத்து, "ஒரு டீச்சர் நம்பர் எண்ணுவாங்க. அவங்க குரல் இல்லாம வேற எது கேட்டாலும் அமுத்துங்க" என்று மட்டும் சொன்னேன்.

"பரிசு ஏதாவது உண்டா?"

"டீ வாங்கித் தர்றேன். கண்ணை மூடுங்க."

உங்கள் குரல் எண்ணிக்கொண்டே போனது. விளக்கு ஒரே ஒரு முறைதான் எரிந்தது, பதினொன்றுக்குப் பிறகு. நான் ஒலியளவு காட்டும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுழியத்தில் படுத்திருந்தது.

வெளியே வந்தவர், "யாரு அந்தப் பொம்பள? தூக்கத்துல பேசுற மாதிரி" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"சரியா புரியல. யாரோ கூப்பிட்டதுக்கு பதில் சொல்ற மாதிரி இருந்துச்சு. நீங்க ஏன் உக்காந்துட்டீங்க? தண்ணி வேணுமா?"

அண்ணி, நானும் டீச்சர் வீட்டில் வளர்ந்தவள், கணக்கு போடத் தெரியும். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். போனில் என் குரலைப் பதிவு செய்து கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது.

அதனால் இப்போது கேட்கிறேன். மூத்தவள் பிறந்த அன்றைக்கு நான் மயக்கத்தில் இருந்ததாகவும், என்னைக் கேட்க முடியாததால் நீங்களே கையெழுத்துப் போட்டதாகவும் சொன்னீர்கள். நான் மயக்கத்தில் இல்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்று நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது நினைவிருக்கிறது. பெரிய விளக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டி என்னால் இறங்க முடியவில்லை. பதினொன்று வந்ததும் கண் திறந்துகொள்கிறது. படுத்திருக்கும்போது ஒரு நாள்கூடப் பத்தை நான் கேட்டதில்லை.

- நான்தான்


பிப்ரவரி 26

அன்புள்ள வாயாடிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பிள்ளைகளிடம் "அடிச்சு எழுதினாலும் பரவாயில்ல, கிழிக்காத" என்று சொன்னவள்.

குழந்தைக்கு மூச்சு குறைகிறது, ஐந்து நிமிடத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னார். உன் வீட்டுக்காரர் நடுக்கடலில். நீ "இன்னும் கொஞ்ச நேரம்" என்றாய். ஆமாம், சொன்னாய். நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேனா அட்டையோடு நூலால் கட்டப்பட்டிருந்தது, நூல் எட்டவில்லை, குனிந்து போட்டேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. மறுபடி அந்த இடத்தில் நிறுத்தினாலும் போடுவேன். ஆனால் நீ மயக்கத்தில் இருந்தாய் என்று சொன்னது பொய். நீ வேண்டாம் என்ற பிறகு போட்டேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவு இல்லை.

அது முதல் பொய். இரண்டாவதை நான் சொல்லவே இல்லை, மறைத்தேன்.

தியேட்டர் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. நான் அதற்கு வெளியே நின்றேன். மயக்க மருந்து கொடுப்பவர் உன்னை இருபதிலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னார். நீ எண்ணினாய். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, ஒவ்வொரு எண்ணும் கேட்டது. எண்ணுக்கு எண் நாக்கு தடித்துக்கொண்டே வந்தது. பதினொன்று என்றாய். நின்றாய். பிறகு "உள்ளேன் டீச்சர்" என்றாய்.

உள்ளே இருந்த யாருக்கும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. நீ என்னைத்தான் கூப்பிட்டாய். கை கதவின் மேல் இருந்தது. தள்ளினால் திறந்திருக்கும். "இங்கதான் இருக்கேன்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். கையெழுத்துப் போட்ட கையோடு உன் எதிரில் வர முடியவில்லை. அப்படியே நின்றேன். நீ பத்து என்று சொல்லவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணனிடம்கூட. நீ இருபதிலிருந்து எண்ணச் சொல்லி எழுதியபோது, தெரிந்துதான் எழுதுகிறாய் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்தில் பதினொன்று என்று படித்ததும் உனக்குத் தெரியாது என்று புரிந்தது. வருகை எண், பழைய பிள்ளை என்று ஏதேதோ எழுதி அனுப்பினேன். அதுவும் ஒரு பொய் என்று எழுதிக்கொள்.

நான் அந்தப் பதிவைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கவில்லை. பயம்.

இத்துடன் புதிதாக ஒரு பதிவு வைத்திருக்கிறேன். பிரசவத்துக்கு இதை எடுத்துப் போ. பழையதை அங்கே போடாதே. நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

படித்தேன். மகள் "ஏம்மா மூக்கு செவந்திருக்கு?" என்று கேட்டாள்.

நான் எண்ணியது எனக்கு நினைவில்லை. உங்களைக் கூப்பிட்டதும் நினைவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள், பதில் வரவில்லை என்று.

நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. இந்த முறை வாசலில் யாராவது நின்றால் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

புதிய பதிவை இன்னும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் கேட்கப் போகிறேன்.

- நான்தான்


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

பையன். ஐந்து நாள் ஆகிறது. இடது காதின் மேல் மடிப்பு அண்ணனுடையது போலவே இருக்கிறது. காது பார்க்கிறவள் சொல்கிறேன், நம்பலாம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விட்டால் மறந்துவிடும், அல்லது வேறு மாதிரி நினைவில் தங்கிவிடும்.

காலை ஆறு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. மகளை எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் பிரசவ அறையில் இருந்தேன். பெரிய சன்னல், நல்ல வெயில், மூலையில் ஒரு ரப்பர் பந்து. வயிற்றில் இரண்டு பட்டை கட்டினார்கள். பக்கத்தில் இருந்த கருவியிலிருந்து தாள் நீளமாக வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் அக்கா பருமனான, கலகலப்பான மனுஷி. நான் பக்கவாட்டில் படுத்து, தாடையைத் தளர்த்தி, ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாட்டு கேக்க வந்த மாதிரி படுத்திருக்க?" என்றார்.

மூச்சு வேலை செய்தது அண்ணி. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் ஏறி, உச்சிக்குப் போய், இறங்கியது. நான் வெறும் மூச்சோடு மிதந்துகொண்டிருந்தேன். மதியம்வரை நான் பதிவைப் போடவில்லை, மூச்சு போதுமாக இருந்தது. வெளியே நர்ஸ் அக்கா யாரிடமோ சொல்வது கேட்டது. "மூணாம் ரூம்ல ஒரு சத்தமும் இல்ல. இன்னும் நேரமாகும். நீ போய் சாப்பிட்டு வா."

பன்னிரண்டரை இருக்கும். உங்கள் புதிய பதிவைப் போட்டேன். இருபது. பத்தொன்பது. இறங்கினேன். அந்தப் படிக்கட்டு இப்போது எனக்கு வீடு மாதிரி, ஒவ்வொரு படியின் தேய்மானமும் தெரியும். பதினான்கில் கைகள் காணாமல் போயின. பதிமூன்றில் வெயில் போயிற்று. கீழே, பதினொன்றாம் படியில், அவள் நிற்பது தெரிந்தது. தியேட்டரில் போடும் பச்சைச் சட்டை. முதுகைக் காட்டி நின்றாள். நான் பயப்படவில்லை. நீங்கள் கூப்பிடுவீர்கள், அவள் பதில் சொல்வாள், கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு ஆழத்தில் எல்லாமே எளிதாகத் தெரிகிறது.

பன்னிரண்டு என்றீர்கள். இடைவெளி வந்தது. பிறகு நீங்கள் எதுவுமே சொல்லவில்லை. இன்னும் ஒரு இடைவெளி. பிறகு பத்து.

நீங்கள் அவளைக் கூப்பிடவே இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். அது என் முகம்தான். ஆனால் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்போதுதான், அந்த ஒரு கணத்தில்தான், எனக்கு வலித்தது. அலை இல்லை அண்ணி, வலி. ரொம்ப நேரமாக இருந்திருக்கிறது, நடுவில் நிற்காமல், முதுகுக்கும் தழும்புக்கும் சேர்த்து ஒரு இழுப்பு. நான் அமைதியாக அதன் மேல் படுத்திருந்தேன். மேசை மூடிக்குள் விரல் மாட்டிய உங்கள் பொம்மை நினைவுக்கு வந்தாள். மேலே ஏறினேன். கண்ணைத் திறந்து, என் ஆயுளில் கத்தாத அளவுக்குக் கத்தினேன். "பதினொன்னு!"

நர்ஸ் அக்கா ஓடி வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். கலகலப்பு போய்விட்டது. நான் பக்கவாட்டில் படுத்ததில் பட்டை வழுக்கியிருக்கிறது. கொஞ்ச நேரமாகக் கருவி எழுதிக்கொண்டிருந்தது குழந்தையின் துடிப்பை இல்லை, என்னுடையதை. பட்டையை நகர்த்தி வைத்ததும் சரியான சத்தம் வந்தது. நடந்து களைத்தவன் கால் போல, விட்டு விட்டு, மெதுவாக.

டாக்டரம்மா வந்து கைவைத்துப் பார்த்துவிட்டு, "முழுசா திறந்திருக்கு! சத்தமே போடாம எப்படிம்மா இது வரைக்கும் வந்த?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தலை நல்லா கீழ இருக்கு. ரெண்டு தடவை தள்ளு, நான் கருவி வெச்சு இழுக்கிறேன். வரலன்னா தியேட்டர். சம்மதமா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம். தியேட்டருக்கான படிவத்தையும் நீட்டினார்கள். பேனா நூலில் கட்டியிருந்தது. நானே கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாக இருந்தது. அந்த நேரத்தில் உங்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. அந்தப் பேனா எவ்வளவு கனம் என்று தெரிந்துவிட்டது.

பத்திலிருந்து நானே எண்ணினேன். சத்தமாக. ஒன்பதில் முதல் தடவை தள்ளினேன். வரவில்லை. ஏழு, ஆறு. நாலு என்று சொல்லும்போது வந்துவிட்டான். கழுத்தில் கொடி இரண்டு சுற்று. நீலமாக இருந்தான். டாக்டரம்மா கொடியை எடுத்துவிட்டு முதுகைத் தேய்த்தார். மூன்று, இரண்டு என்று நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், நிறுத்தத் தெரியவில்லை. ஒன்று என்றதும் அழுதான். என் கண் முன்னால் அழுதான் அண்ணி. குல்லா இல்லாமல்.

தழும்பு தாங்கிவிட்டது. அந்த இழுப்பு பையன் முகம் மேலே பார்த்திருந்ததால் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். எல்லாம் முடிந்து, நர்ஸ் அக்கா என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நான் வெளிய இருந்தப்ப 'பதினொன்னு'ன்னு கத்தினது நீதான?" என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப 'உள்ளேன்'னு பதில் சொன்னது யாரு?"

சிரித்துவிட்டுத்தான் கேட்டார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் துணியைப் பிழிய எழுந்து போய்விட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. அவனுடைய அப்பா மறுநாள்தான் கரை இறங்கினார்.

நீங்கள் ஏன் பதினொன்றை விட்டீர்கள்?

உங்கள் வாயாடி


ஏப்ரல் 6

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் சத்தமாகப் படித்தார். காதின் மடிப்பு வந்த இடத்தில் நிறுத்தி, கண்ணாடி முன்னால் போய்த் தன் காதைப் பார்த்துவிட்டு வந்தார். இன்றைக்கு வாசல் விளக்கை ஏழெட்டு முறை போட்டு அணைத்திருப்பார்.

ஏன் விட்டேன் என்று கேட்டிருக்கிறாய். உனக்கு நல்லது செய்வதாக நினைத்து விட்டேன். அந்த எண்ணைச் சொல்லாவிட்டால் நீ அந்த இடத்தை அறியாமல் தாண்டிவிடுவாய் என்று நினைத்தேன். பன்னிரண்டு என்றேன், பதினொன்று வாயில் இருந்தது, விழுங்கிவிட்டேன். எண்ணைத்தான் விழுங்க முடிந்தது. அதற்கான இடைவெளி தானாக விழுந்துவிட்டது. வாய்ப் பழக்கம். முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஒரு எண்ணையும் கூப்பிடாமல் விட்டதில்லை. அம்மை போட்டு மாதக்கணக்கில் வராத பிள்ளையின் எண்ணையும் தினமும் கூப்பிட்டு, காத்திருந்து, அதற்குப் பிறகுதான் சுழி போடுவேன். ஒரே ஒரு தடவை விட்டேன். அதுவும் உன் எண்ணை.

அந்தத் தவற்றால்தான் நீ மேலே ஏறி வந்தாய் என்று நீ நினைக்கலாம். உன் பெருந்தன்மை. நான் அதை எனக்கு மதிப்பெண்ணாகப் போட்டுக்கொள்ள மாட்டேன்.

நேற்று காலை, சன்னலைச் சாத்தி, ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு, முதல் பதிவின் என் பிரதியைக் கடைசியில் கேட்டேன். பன்னிரண்டு. பதினொன்று. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒன்றும் இல்லை. வெறும் இடைவெளி, நான் மூச்சு இழுக்கும் சத்தம், பிறகு பத்து. உன் அண்ணனையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "என்ன கேக்கணும்?" என்றார். அங்கே இப்போது யாரும் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். எங்கே போனாள் என்பதை யோசிக்க ஆரம்பித்தால் முதுகு சில்லிடுகிறது. ஆனால் அழவும் வருகிறது.

முப்பது வருடத்துக்கு முன் நீ கேட்டதற்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். வராதவர்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிடுகிறவர்தான் கூப்பிட வேண்டும், பதில் வராது என்று தெரிந்தாலும் ஒரு மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும். நான் கதவுக்கு வெளியே செய்யத் தவறியது அதுதான்.

நீ கூப்பிட்டால் நாங்கள் இருவரும் வருவோம். கூப்பிடாவிட்டாலும் காத்திருப்போம்.

இதை மட்டும் செய்து பார். நாளைக் காலை, மகள் பள்ளிக்குப் போன பிறகு, பையனை மடியில் வைத்துக்கொண்டு இருபதிலிருந்து ஒன்றுவரை வாய்விட்டு எண்ணு. பதினொன்று என்று தெளிவாகச் சொல், ஒரு மூச்சு காத்திரு, பிறகு பத்து என்று சொல்.

உன் அண்ணி